புகை யார் கணக்கில்?

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

எங்கள் ஊர் வழிப்பறிக்குப் பெயர் பெற்ற ஊர். யாரும் அவசரப்பட்டுக் காவல் நிலையத்துக்கு ஓட வேண்டாம். நான் சொல்வது பழைய கதை. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடும் பொருளோடும் சுந்தரர் திரும்பி வருகையில், திருமுருகன்பூண்டியில் வேடர்கள் வழிமறித்து அனைத்தையும் பறித்துக்கொண்டனர் என்றும், வேடர் வடிவில் வந்தவை சிவபூத கணங்களே என்றும், சுந்தரர் பாடியபின் பறிபோன பொருள் திரும்பக் கிடைத்தது என்றும் தலபுராணம் கூறும். பறித்தவன் யார், பறிகொடுத்தவன் யார், திருப்பித் தரவேண்டியவன் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே பாட்டில் தீர்ப்புக் கிடைத்த வழக்கு அது. இன்று அதே ஊரில், சிற்பக் கூடங்களின் உளியோசைக்கும் பனியன் கம்பெனி வேன்களின் இரைச்சலுக்கும் நடுவே, வேறொரு வழக்கு வந்து நிற்கிறது. அவ்வளவு எளிதில் தீர்ப்புக் கிடைக்கும் வழக்காக அது தோன்றவில்லை.

சென்ற தை மாதம் என் தாய்மாமன் வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு தையல் மெஷின்களை வைத்துக்கொண்டு, ஏற்றுமதிக் கம்பெனிகளிடமிருந்து வெட்டிய துணியை வாங்கி, பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுப்பவர் அவர். போன உடனே ஒரு படிவத்தை என் முன்னால் போட்டார். அவருக்கு வேலை கொடுக்கும் கம்பெனிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பியது. அங்கிருந்து இவருக்கு இறங்கி வந்திருக்கிறது. சென்ற ஆண்டு எத்தனை யூனிட் மின்சாரம் செலவழித்தீர்கள்? ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல்? சரக்கு வேனுக்கு எத்தனை லிட்டர்? இறுதியில் ஒரு கட்டம்: தைக்கும் ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் கரியமில வாயு?

"மாப்பிள்ளே, கரண்டு பில்லு கட்டறது நானு. என்ற கணக்கு அவனுக்கு எதுக்கு?" என்றார் மாமா.

பொருளியல் படிக்கிற பையன் என்ற பெருமையில் படிவத்தை வாங்கிக்கொண்டேனே தவிர, அவர் கேட்ட கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. யூனிட்டையும் லிட்டரையும் நிரப்பிவிட்டுக் கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்து அனுப்பினோம். அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

கரியமில வாயுவில் நாடுகளுக்கு மதிப்பெண் போடுவது இன்று உலக வழக்கமாகிவிட்டது. 2023-ஆம் ஆண்டில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட் ஆகியவற்றால் உலகம் வானத்துக்கு அனுப்பிய கரியமில வாயு ஏறத்தாழ 3,700 கோடி டன். இதில் சீனா ஏறத்தாழ 1,200 கோடி டன். அமெரிக்கா 490 கோடி டன். நம் இந்தியா 310 கோடி டன். ஆகவே நமக்கு மூன்றாமிடம். ஓட்டப்பந்தயத்தில் இந்த இடம் கிடைத்திருந்தால் தோரணம் கட்டியிருப்போம்.

இதே கணக்கைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் காட்சி தலைகீழாகிறது. அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்கு 14 டன்னுக்கு மேல். சீனர் ஒருவருக்கு 8 டன்னுக்கு மேல். உலகச் சராசரி 4.7 டன்னை ஒட்டி. இந்தியர் ஒருவருக்கு 2 டன்னைச் சற்றே தாண்டுகிறது. காங்கோ நாட்டவருக்கு ஒரு டன்னில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 143 கோடிப் பேர் வாழும் வீட்டையும் 33 கோடிப் பேர் வாழும் வீட்டையும் ஒரே தராசில் நிறுத்தி, 'பெரிய வீட்டில் சோறு அதிகம் வேகிறது' என்று குற்றஞ்சாட்டுவது எந்த ஊர் நியாயம்?

வேறொரு வகுத்தலும் உண்டு. கரியமில வாயு இன்று புறப்பட்டு நாளை மறைவதன்று. அதன் ஒரு பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் காற்றில் தங்கும். எனவே பழைய பாக்கியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தொழிற்புரட்சி தொட்டு இன்றுவரை வெளியேறியதில் அமெரிக்காவின் பங்கு மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒன்று. இன்றைய ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று, நான்கு என்ற அளவே. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த இந்த வாயு, 1958-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315-ஐ ஒட்டி இருந்தது. 2024-இல் 424-ஐத் தாண்டியது. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதியை எழுப்பிய கைகளில் திருப்பூர்க் கைகள் மிகக் குறைவு.

இந்த வாதம் புதியதன்று. 1990-இல் வாஷிங்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை, உலக வெப்பத்துக்குப் பெரும் பொறுப்பாளிகளான ஐந்து நாடுகளில் இந்தியாவையும் ஒன்றாக வைத்தது. அடுத்த ஆண்டே டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணனும் ஒரு சிறு நூல் எழுதி அந்தக் கணக்கை எதிர்த்தார்கள். ஏழை உழவனின் நெல் வயலிலிருந்தும் மாட்டுக் கொட்டிலிலிருந்தும் எழும் வாயுவையும், செல்வநாட்டுக் காரிலிருந்து எழும் வாயுவையும் ஒரே நிறையாகப் பார்ப்பது அநீதி என்பது அவர்கள் வாதம். ஒன்று பிழைப்புக்கு, மற்றொன்று சொகுசுக்கு. உலகம் 1992-இல் ரியோ நகரில் கூடிப் பருவநிலை ஒப்பந்தம் செய்தபோது, 'பொறுப்பு அனைவர்க்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் அன்று' என்ற கொள்கை அதில் இடம்பெற்றது. நம் நாட்டவர் எழுப்பிய வாதத்தோடு ஒத்துப்போகும் கொள்கை அது என்பதில் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு.

இதுவரை சொன்னதை மேடைகளில் பலரும் முழங்கக் கேட்டிருக்கிறோம். கை தட்டியும் இருக்கிறோம். மேடையில் அதிகம் பேசப்படாதது எண்ணெய். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச எனக்கு அனுமதி வேண்டும்.

ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோகூட இல்லை. ஏறத்தாழ 830 கிராம். அதை எரித்தால் வெளிவரும் கரியமில வாயுவோ 2.7 கிலோ. முக்கால் கிலோச் சொச்சம் பொருளிலிருந்து இரண்டே முக்கால் கிலோ புகை எப்படி வரும் என்று வேதியியல் துறை நண்பன் ஒருவனைக் கேட்டேன். சிரித்துவிட்டு விளக்கினான். எண்ணெயின் எடையில் பெரும்பங்கு கரி. கரியின் அணு எடை 12. எரியும்போது அது காற்றிலிருந்து 32 எடையுள்ள பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு 44 ஆகிறது. கடன் வாங்கிக் கொழுக்கும் குடும்பம்போல என்றான். பெட்ரோலானால் லிட்டருக்கு 2.3 கிலோ.

இதை வைத்துக்கொண்டு நம் ஊரில் ஒரு கணக்குப் போடலாம். அவிநாசியிலிருந்தோ பெருமாநல்லூரிலிருந்தோ மொபெட்டில் பனியன் கம்பெனிக்கு வரும் தொழிலாளி ஒருவர் வாரத்துக்கு இரண்டு லிட்டர் பெட்ரோல் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நூறு லிட்டர். கரியமில வாயு கால் டன்னுக்கும் குறைவு. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறைக் கணக்குப்படி அந்நாட்டின் சாதாரணக் கார் ஒன்று ஓராண்டில் வெளியிடுவது 4.6 டன். அதாவது சராசரி இந்தியர் ஒருவர் உண்டு, உடுத்து, விளக்கேற்றி, பஸ் ஏறி, ஓராண்டு முழுவதும் வெளியிடும் அளவைப்போல இரு மடங்கை அந்தக் கார் தனியாக வெளியிடுகிறது.

நாடுகளை ஒப்பிடும்போது எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நம் நாட்டின் கரியமில வாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. எண்ணெயின் பங்கு நான்கில் ஒன்றுக்கும் குறைவு. அமெரிக்காவிலோ எண்ணெயின் பங்கு பாதியை நெருங்குகிறது. நிலக்கரி பெரும்பாலும் கொதிகலனிலும் ஆலையிலும் எரிவது. அதன் புகையில் பிறர்க்கென்று செய்த பண்டத்தின் புகையும் கலந்திருக்கும். எண்ணெய் பெரும்பாலும் சாலையில் எரிவது. அவரவர் பயணத்தின் புகை. எஃகையும் துணியையும் வெளிநாட்டில் செய்யச் சொல்லி ஆலைப் புகையை அயலூருக்கு அனுப்பிவிடலாம். தான் காரோட்டிய புகையை அப்படி அனுப்ப வழியில்லை. ஆதலால் ஒரு நாட்டின் வாழ்க்கை முறையை அறிய விரும்புவோர் அந்நாட்டின் எண்ணெய்ப் புகையைப் பார்ப்பது நல்லது.

எண்ணெயை எரிக்கும் நாடு ஒரு புறம். அதை விற்கும் நாடு மறுபுறம். 1960-ஆம் ஆண்டு பாக்தாத் நகரில் ஈரான், ஈராக், குவைத், சவுதி அரேபியா, வெனிசுலா ஆகிய ஐந்து நாடுகள் கூடி எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பை அமைத்தன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, பீப்பாய் 3 டாலரை ஒட்டி இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. விற்பவன் விலை சொல்லலாம் என்று ஏழை நாடுகளுக்குக் காட்டியது அந்நிகழ்ச்சி. அந்த வெற்றியைக் கொண்டாடிய பல ஏழை நாடுகளே விலையேற்றத்தால் அடியும் வாங்கின என்பது வேறு கதை. நாமும் அதில் ஒருவர். இன்றும் நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது.

தலைக்கணக்கில் உலகிலேயே முதல் வரிசையில் இருப்பவை வளைகுடா நாடுகள். கத்தாரில் ஒருவருக்கு 40 டன்னை ஒட்டி. குவைத்திலும் ஐக்கிய அரபு நாடுகளிலும் 20 டன்னுக்கு மேல். கடல்நீரைக் குடிநீராக்கவும், எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலேற்றவும், வெயிலில் வீடுகளைக் குளிரூட்டவும் அங்கு எரிபொருள் ஆறாக ஓடுகிறது. ஆனால் அந்தச் 'சராசரி கத்தார்க்காரர்' யார்? அங்கே வசிப்பவரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அயல்நாட்டினர். கட்டடம் கட்டவும் வண்டி ஓட்டவும் நம் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் அடக்கம். எட்டுப் பேர் ஓர் அறையில் படுத்துறங்கும் தொழிலாளியின் தலையிலும் 40 டன் எழுதப்படுகிறது. சராசரி என்பது எவ்வளவு பெரிய பொய்யையும் சாதுவாகச் சொல்லக்கூடியது.

இப்போது ஒரு விந்தையைக் கவனியுங்கள். வளைகுடா நாடு ஒரு பீப்பாய் எண்ணெயை எடுத்து விற்கிறது. அது ஜெர்மனியில் எரிந்தால் புகை ஜெர்மனியின் கணக்கு. மும்பையில் எரிந்தால் இந்தியாவின் கணக்கு. விற்றவருக்குப் பணம் மட்டுமே வரவு. திருப்பூர் ஒரு பெட்டி பனியனைச் செய்து விற்கிறது. அதை ஜெர்மானியர் உடுத்தினாலும் பனியன் செய்த புகை நம் கணக்கு. 'எரிந்த இடத்தில் எழுது' என்ற ஒரே விதிதான் இரண்டுக்கும். ஆனால் அந்த விதி எண்ணெய் விற்பவனை விடுவிக்கிறது. பனியன் விற்பவனைப் பிடித்துக்கொள்கிறது. விதியை எழுதியவர் யாரும் திருப்பூரை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். தம் கணக்கு எழுதும் வசதியை நினைத்திருப்பார்கள்.

அதைவிட விந்தை கப்பல். தூத்துக்குடியிலிருந்து கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் புறப்படும் கப்பல் எண்ணெயைத்தான் எரிக்கிறது. அதுவும் சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோலும் டீசலும் எடுத்தபின் அடியில் மிஞ்சும் கனத்த எண்ணெயே கப்பல்களின் பழைய உணவு. இந்தப் புகை யார் கணக்கு? அனுப்பிய இந்தியாவுக்கா, வாங்கிய நெதர்லாந்துக்கா, கொடி கொடுத்த பனாமாவுக்கா? ஒருவருக்கும் இல்லை. பன்னாட்டுப் பயணத்தின் எரிபொருள் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராமல் தனியே குறிக்கப்படுகிறது. 1997-இல் கியோட்டோவில் கூடியவர்கள், கப்பல் விவகாரத்தைக் கப்பல் துறையின் பன்னாட்டு அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். உலகப் புகையில் நூற்றுக்கு மூன்று பங்கு இப்படி நடுக்கடலில் அநாதையாக மிதக்கிறது.

இனி நம் பனியனுக்கு வருவோம். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று அது கடக்கும் படிகளில் என் மாமாவின் பன்னிரண்டு மெஷின்கள் தின்னும் மின்சாரம் கொஞ்சமே. நாட்டின் மின்தொகுப்பிலிருந்து வரும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு என்பது மத்திய மின்சார ஆணையக் கணக்கு. அது மேட்டூரிலும் நெய்வேலியிலும் தூத்துக்குடியிலும் எழும் புகை. மாமாவின் கூரையில் எழுவதில்லை. உண்மையான நெருப்பு சாயப்பட்டறையில் இருக்கிறது. துணியை வெளுக்கவும் சாயமேற்றவும் உலர்த்தவும் கொதிநீரும் நீராவியும் வேண்டும், அதற்குக் கொதிகலன், அதற்கு லாரி லாரியாக விறகு.

இதில் நம் ஊர் அனுபவம் உலகுக்கே பாடமாகக்கூடியது. சாயக்கழிவால் நொய்யல் என்ன ஆயிற்று, ஒரத்துப்பாளையம் அணையில் என்ன தேங்கிற்று என்பதை இங்கு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறை வந்தால்தான் மறுபடி திறக்கலாம் என்பது நிபந்தனை. நியாயமான தீர்ப்பு, ஆற்றையும் அதன் கரையில் பயிர் செய்தவரையும் நினைத்தால் வேறு தீர்ப்புக்கு இடமில்லை. அந்த முறையில் கழிவுநீரை முதலில் சவ்வுகளின் வழியே அழுத்தி வடிகட்டுகிறார்கள். மிஞ்சும் உப்புநீரைப் பெரிய ஆவியாக்கிகளில் கொதிக்க வைத்து, உப்பைத் தனியே பிரிக்கிறார்கள். அழுத்த மின்சாரம், கொதிக்க வைக்க நீராவி. ஆற்றில் விட்ட அழுக்கை நிறுத்தினோம். அதற்கு விலையாக நெருப்பைக் கூட்டினோம். அந்த நெருப்பின் புகை இந்தியக் கணக்கில் ஏறுகிறது. பனியனை உடுத்தியவர் நாட்டில் ஆறும் தெளிவு, வானமும் தெளிவு.

(விறகுப் புகை மட்டும் ஒரு தனி வேடிக்கை. மரம் மீண்டும் வளர்ந்து அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில், எரிபொருள் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. வெட்டிய இடத்தில் மரம் வளர்ந்ததா என்பதைக் காட்டுக் கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். லாரியில் வந்திறங்கும் சீமைக்கருவேலத்தைப் பார்க்கும்போது அந்த நம்பிக்கை ஓரளவு சரிதான். அதை வெட்ட வெட்ட முளைக்கிறது. எல்லா விறகும் சீமைக்கருவேலமன்று.)

எண்ணெய் இப்போது நம் துணிக்குள்ளேயே வந்துவிட்டது. திருப்பூர் என்றால் பருத்தி என்பது நம் பெருமை. ஆனால் உலகில் செய்யப்படும் இழையில் பாதிக்கு மேல் இன்று பாலியஸ்டர். அதன் மூலப்பொருள் பெட்ரோலியம். விளையாட்டு உடை வேண்டும், வியர்வை ஒட்டாத துணி வேண்டும் என்று வெளிநாட்டுக் கட்டளைகள் வருகின்றன. செயற்கை இழைக்கு மாறுங்கள் என்று திருப்பூருக்கு அறிவுரை வந்தவண்ணம் இருக்கிறது. மாறினால், பஞ்சு விளைந்த காட்டின் இடத்தில் எண்ணெய்க் கிணறு வந்து அமரும். பருத்திக்கும் தண்ணீர், உரம், பூச்சிமருந்து என்று குற்றங்கள் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆயினும் மாமாவின் படிவத்தில் டீசல் லிட்டரைக் கேட்டவர்கள், மெஷினில் ஓடும் துணியே எண்ணெய்தானா என்று கேட்கவில்லை. அதைத் தீர்மானிப்பவர் அவர்கள் அல்லவா?

பிரிட்டனைப் பாருங்கள். உலகின் பஞ்சாலைப் புகையெல்லாம் ஒரு காலத்தில் மான்செஸ்டரிலிருந்து எழுந்தது. அந்தப் பெயரைக் கடன் வாங்கித்தான் கோவையைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்கிறோம். இன்று அங்கே அந்த ஆலைகள் இல்லை. 1990-ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் பிரிட்டனின் வெளியீடு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 2024 செப்டம்பர் 30-ஆம் நாள் அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. பாராட்ட வேண்டியதே, காற்றாலைகளும் எரிவாயுவும் நிலக்கரியின் இடத்தைப் பிடித்ததால் வந்த உண்மையான குறைவு அதில் நிறைய உண்டு. ஆனால் அந்நாட்டவர் வாங்கி நுகரும் பண்டங்களின் புகையையும் சேர்த்து எழுதினால், குறைவு அவ்வளவாக இல்லை. சுவிட்சர்லாந்தில் இப்படி எழுதினால் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஆலை போயிற்று, ஆலையில் செய்த சட்டை போகவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். செய்த இடத்தில் புகையை எழுதுவதோடு நிறுத்தாமல், உடுத்தும் இடத்திலும் எழுத வேண்டும். வாங்குபவர் கேட்கும் கரியமிலக் கணக்குக்கு விலையிலும் ஓர் இடம் வேண்டும். சூரிய ஒளித் தகடு போடு, கொதிகலனை மாற்று, கணக்கெழுத ஆள் வை என்பார்கள். பீஸுக்கு ரேட்டை மட்டும் ஏற்ற மாட்டார்கள் என்றால், அது சுற்றுச்சூழல் அக்கறையாகாது. தன் பாக்கியைப் பிறர் தலையில் கட்டும் வேலையாகும். பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு உடுமலையிலும் தாராபுரத்திலும் காற்றாலைகள் உண்டு. ஆடிக்காற்றில் அவை சுற்றும் யூனிட்டுகளைப் படிவத்தில் காட்டி நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். பன்னிரண்டு மெஷின்காரருக்கு ஏது காற்றாலை? அவருடைய எண் பெரிதாகத்தான் நிற்கும். கரியமிலக் கணக்கு கடுமையானால் திருப்பூரில் புகை குறைகிறதோ இல்லையோ, ஜாப் ஒர்க்காரர்கள் குறைவார்கள் என்று அஞ்சுகிறேன்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் வரும் இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் முதலியவற்றுக்கு 2023 அக்டோபரில் கரியமிலக் கணக்குக் கேட்கத் தொடங்கி, 2026 முதல் அதற்குக் கட்டணமும் விதிக்க வகை செய்தது. அந்தப் பட்டியலில் பனியன் இல்லை. பட்டியல்கள் நீளும் இயல்புடையவை.

இதைப் படித்த பேராசிரியர் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "உடுத்துபவர் கணக்கில் எழுது என்கிறாயே, வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும்போதும் சுத்திகரிக்கும்போதும் எழும் புகை, அதை வாங்கி எரிக்கும் நம் கணக்கில்தானே வரவேண்டும்? அதற்குச் சம்மதமா?" நியாயமான கேள்வி. சம்மதிக்கத்தான் வேண்டும். பனியனுக்கு ஒரு நீதி, பெட்ரோலுக்கு ஒரு நீதி என்று கேட்க முடியாது. அப்படி இரண்டு பக்கமும் சரிபார்த்து எழுதினாலும், இந்தியாவின் மொத்தத்திலிருந்து வெளிநாட்டார் தலைக்குப் போவது சிறு பகுதியே. பெரும்பகுதி நமக்கென்று நாமே எரித்தது. பனியன் நகரத்தில் பிறந்ததால் ஏற்றுமதிதான் நாடு என்று எண்ணிவிடக் கூடாதென்பதை அவர் கேள்விக்குப் பிறகே உணர்ந்தேன்.

வேறொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கத்தாரின் சராசரியைப் பொய் என்றேன். நம் 2 டன் சராசரி மட்டும் மெய்யா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, தகரக் கூரைக்கடியில் ஆறு பேராகத் தங்கி, ஒரே ஒரு மின்விசிறியின் கீழ் உறங்கும் தொழிலாளியும், அவிநாசி சாலையில் இரண்டு கார் நிறுத்தியிருக்கும் வீட்டுக்காரரும் சேர்ந்ததுதான் அந்த 2 டன். உலக மேடையில் ஏழையின் தலையைக் காட்டிச் சலுகை கேட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பி அந்தச் சலுகையில் குளிரூட்டிய காரில் போவோமானால், அனில் அகர்வால் சொன்ன பிழைப்பு-சொகுசு வேறுபாட்டை நாமே மிதித்தவர்களாவோம். அமெரிக்காவைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வியைப் பூண்டியிலும் கேட்க வேண்டியிருக்கிறது. 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2070-ஆம் ஆண்டுக்குள் நிகர வெளியீட்டைப் பூச்சியமாக்குவோம் என்று இந்தியா உறுதி சொன்னது. 2070-இல் எனக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அந்த உறுதிக்கு யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற பங்கீடு மாவட்டத்துக்குள்ளும் தெருவுக்குள்ளும் நடந்தாக வேண்டும்.

மாசியில் மறுபடி மாமாவைப் பார்த்தேன். படிவம் திரும்பி வந்திருந்தது. கடைசிக் கட்டத்தை நிரப்பினால்தான் ஏற்பார்களாம். மின்சார யூனிட்டையும் டீசல் லிட்டரையும் பெருக்கிக் கூட்டி, தைத்த பீஸ் எண்ணிக்கையால் வகுத்து ஓர் எண்ணை எழுதினேன். கீழே இடம் இருந்ததால், 'இத்தொழிலகத்தில் நடப்பது தையல் மட்டுமே. துணி தங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது' என்று தமிழில் ஒரு வரி சேர்த்தேன். மாமா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சு அவன் ஆர்டரை நிறுத்திப் போட்டான்னா?" என்றார். பிறகு அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

எங்கள் வகுப்பில் நால்வர் சேர்ந்து நம் கல்லூரியின் கணக்கையே எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். மின்கட்டண அட்டையும் ஜெனரேட்டர் டீசல் சீட்டும் கேட்டிருக்கிறோம். மாணவர் எவ்வெவ்வூரிலிருந்து எந்த வண்டியில் வருகிறார்கள் என்று வகுப்பு வகுப்பாகக் குறித்து வருகிறோம். பஸ்ஸில் வருபவரின் டீசலை எத்தனை பேருக்குப் பங்கிடுவது என்பது தீர்ந்துவிட்டது. எதிர்க்கடையில் நாம் குடிக்கும் தேநீருக்கு எரியும் விறகைக் கடைக்காரர் கணக்கில் எழுதுவதா, குடிக்கும் நம் கணக்கில் எழுதுவதா என்பதில் மட்டும் நால்வருக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.